பாதி மாத்திரை

ஆகஸ்ட் 6, புதன்

அம்மாவின் ரத்த அழுத்தம் இன்றும் இறங்கவில்லை. நடுத் தீவில் இருக்கும் ரங்கத் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பாக இருக்கும் என்றேன். டாக்டர் ஏற்கவில்லை; வீரியம் கூடிய மாத்திரை எழுதினார். அம்மா எல்லாவற்றுக்கும் "டீக் ஹை, டாக்டர் சாப்" என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அவள் பையிலிருந்த மருந்து டப்பாவைத் திறந்தேன். பழைய மாத்திரைகள் எல்லாம் பாதிப் பாதியாக நறுக்கப்பட்டிருந்தன.

"என்னம்மா இது?"

"கப்பல் வராம கடையில மருந்தே இல்லடி. பக்கத்து வீட்டு வங்காளி தீதிக்கும் இதே மாத்திரைதான். அவகிட்ட ஒண்ணுகூட இல்ல. ஆளுக்குப் பாதி போட்டுக்கிட்டோம்."

"அப்புறம் கப்பல் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. பாதியே போதும்போல இருந்துச்சு, ரெண்டு பேருக்கும்."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"தீதியையும் சேர்த்துத் திட்டுவாரு."

தினமும் ஃபோனில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பேன். போட்டேன் என்பாள். பொய் சொல்லவில்லை.

டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். புதியது வேண்டாம், பழையதையே முழுதாகப் போடட்டும், பத்து நாளில் பார்ப்போம் என்றார். தீதியையும் வரச் சொன்னார்.

சாப்பிட்டதும் அம்மா முழு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தீதிக்கு ஃபோன் போட்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் தன் இந்தியில் சொல்லிவிட்டு, தான் மட்டும் முழுசாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மறுமுனையில் விழுந்த திட்டு எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகுதான் விழுங்கினாள்.