மத்தியான இணைப்பு

நவ. 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். தச்சநல்லூர் ரோடு முழுக்கச் சேறு. வாங்க வேண்டியவை: பஞ்சு, பிளாஸ்திரி, அப்பாவுக்குச் சத்துமாவு. வெள்ளி முதல் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

அண்ணன் தங்கியிருக்கும் வளைகுடாத் தொழிலாளர் முகாமில் வீடியோ கால் தடை. நம் வீட்டு இணையப் பெட்டி வழியாக வந்து பேச ஒரு விபிஎன் போட்டுக் கொடுத்திருந்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைப் பார்ப்பான். வெள்ளி முதல் அதுவும் இல்லை. முகாமின் இணையத் தடுப்பு, ஃபயர்வால், மறிக்கிறதாம். சாயங்காலம் சாதாரண போனில் கெஞ்சினான்:

"ஏட்டி, நீதான நெட்வொர்க் படிச்சவ. எப்படியாச்சும் பண்ணு. அப்பா மொகத்தப் பாக்கணும்."

நவ. 5, செவ்வாய்

விபிஎன் போர்ட் எண்ணை 443க்கு மாற்றினேன். ஃபயர்வாலுக்குச் சாதாரண வெப்சைட் மாதிரி தெரியும். மத்தியானம் ஆபீஸிலிருந்து நானே முயன்றேன். நுழைய முடியவில்லை. இங்கும் ஃபயர்வால் கெடுபிடி போல. அம்மாவுக்குப் போன் போட்டேன். "பெட்டில வெளக்கு நல்லாத்தான் எரியுது" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா விளக்கும் பச்சை.

படித்ததெல்லாம் எதற்கு? என் மேலேயே எரிச்சல். அப்பா குழாயோடு சிரிக்கிறார். "விடும்மா, பைய பாப்போம்."

நவ. 7, வியாழன்

லீவு. மாடியில் லேப்டாப்போடு. மத்தியானம் திரையில் அண்ணன் பெயர்! உள்ளே வந்துவிட்டான்! கத்துவதற்குள் இணைப்பே போய்விட்டது. கீழே ஓடினேன். பெட்டியின் சுவிட்சில் கை வைத்தபடி அம்மா.

"ஒங்கப்பாதான் வெள்ளிக்கெழமலருந்து மத்தியானம் அமத்தச் சொன்னாவ. இந்தக் கோலத்துல பாத்தாம்னா வேலயப் போட்டுட்டு ஓடியாந்துருவானாம்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லிராதம்மா."

எந்த ஃபயர்வாலும் மறிக்கவில்லை. அழுகையும் கோபமும். யார் மேல் கோபப்பட?

சாயங்காலம் அண்ணனிடம்: "இன்னும் சரியாகலண்ணே."

நவ. 12, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு காலை அப்பா போய்விட்டார். அண்ணனின் பாஸ்போர்ட் கம்பெனியிடம். உடனே கிளம்ப முடியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்ட மகன் எடுக்க வேண்டிய நீர்மாலைக்கு ஆற்றுக்குப் போனது சித்தப்பா மகன்தான்.

அதற்கு முன் இணையப் பெட்டியின் சுவிட்சைப் போட்டது அம்மா. நான் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தேன். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு. அவர் விரும்பிய மாதிரியேதான் அண்ணன் அவரைப் பார்த்தான். போனை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னான். பிறகு கேட்டான்.

"படம் இவ்ளோ தெளிவா இருக்கே. எப்படிட்டி சரியாச்சு?"

"இன்னிக்குத்தாண்ணே" என்றேன்.