கழற்றிய கப்பல்

ஒக்டோபர் 12, சனி

இருந்தவர்கள்: பாஸ்டர், என் கணவர், நான், தேவாலயச் சாவி வைத்திருக்கும் டேனிஷ் அம்மா கிரேத்தா. ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே பல வருடம் பூட்டிக்கிடந்த பழைய செங்கல் தேவாலயத்தை எங்கள் சபைக்காகத் துப்பரவாக்கினோம். கூர்வளைவு ஜன்னல், மணிக்கோபுரம் எல்லாவற்றையும் நூலகப் புத்தகத்தில் படித்தவள் என்ற பெருமையில் நானே விளக்கினேன். கூரையில் தொங்கிய மரக்கப்பலைக் கண்டதும், "ஆண்டவற்ர வீட்டில விளையாட்டுச் சாமானோ? கழட்டுங்கோ" என்றேன். இவர் ஏணியில் ஏறிக் கழற்றினார்.

கோப்பியுடன் வந்த கிரேத்தா கப்பல் தொங்கிய வெறும் கம்பியையே பார்த்தார். "கடற்புயலில் தப்பி வந்த என் அப்பா, இங்குள்ள வழக்கப்படி நன்றிக்காகச் செய்து மாட்டியது" என்றார்.

"புத்தகத்தில கப்பலை மட்டும் படிக்காமல் விட்டிட்டீரோ?" என்று இவர் காரில் கேட்டார்.

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஆண்டவரே, நாளை ஆராதனைக்கு முதல் கிரேத்தா வீட்டுக்குப் போகவா? சீக்கிரம் பதில் தாரும்.