உள்ளே வருகிறவருக்கு முதல் சொல்

குவைத்,
செவ்வாய்.

அன்புத் தங்கை ஓடெட்டுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? லெபனானில் குளிர் எப்படி? நான் நலம்.

என் வகுப்புக்குள் யார் வந்தாலும் எல்லோரும் எழுந்து முதலில் வரவேற்க வேண்டும், கேள்வியெல்லாம் பிறகுதான். நேற்றுப் படியில் லேசாகச் சறுக்கியதால் தாமதமாகப் போனேன். சேர்ந்த நாள் முதல் வாய் திறக்காத சூடான் பெண் தசாபீஹ் முந்திக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க டீச்சர்! உங்க நாற்காலிய யாருக்கும் விடாம பாத்துக்கிட்டேன்."

"அடியே, உனக்குப் பேசக்கூட வருமா!" என்று வகுப்பே சிரித்தது.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்து, "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தேன். உன் அத்தான் இறந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஏலக்காய் சேர்த்த காப்பித்தூள் அனுப்பு. கூடவே, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் போட்டுக் கேட்க, ஒரு கேசட்டில், "வாக்கா, உள்ள வா" என்று பேசி அனுப்பு. முணுமுணுக்காதே, தெளிவாகச் சொல். பள்ளி வண்டி வந்துவிட்டது.

உன் அக்கா,
இவோன்