நீ சேர்க்காத ஒரு வரி

பெரியவனே,

நான் வாக்கிங் போகிறேன். சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறது. நீ கம்ப்யூட்டரை அணைக்காமல் போய்விட்டாய். ‘அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பணும், மனசு நோகாம ஒரு லெட்டர் எழுதிக் கொடு’ என்று ஏஐயிடம் கேட்டிருந்தாய். வந்த கடிதம் ஊரில் எந்த அப்பனுக்கும் பொருந்தும். மொட்டையாகக் கேட்டால் அது பாவம், என்ன செய்யும்? விவரம் சொல்ல வேண்டாமா?

‘வீடு அப்பா பேர்ல இருக்கு’ என்று நான் ஒரு வரி சேர்த்தேன். உடனே அது எழுந்து நின்று, ‘மன்னிச்சுக்குங்க ஐயா, ஆள் மாறிப்போச்சு’ என்று கும்பிட்டது. புதுக் கடிதம் உன் தட்டுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறு வரை அவகாசம். மனசு நோகாமல்தான் எழுதியிருக்கிறது.

அப்பா

பி.கு.: ஞாயிறு மாலை பூட்டு மாற்ற ஆள் வருவார். கதவைத் திறந்துவிடு. உன் சாவிக்கு அதுதான் கடைசி வேலை.