வெளிவட்டத்து எலக்ட்ரான்

என்னங்க,

நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் ஸ்கூலுக்குப் போனேன். நம்ம எபினேசரை லாரி இடித்த சானமாவு வளைவில் பஸ் திரும்பியபோது, மடியிலிருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு அணு பாடம். நடுவிலுள்ள உட்கருவின் நேர்மின்சுமைதான் எலக்ட்ரான்களை இழுத்துப் பிடித்திருக்கிறது, வெளிவட்டத்தில் இருப்பதற்குப் பிடி கம்மி என்று போர்டில் வரைந்து காட்டினேன். வினிதா என்ற பெண் எழுந்தாள்.

"மிஸ், அது கழண்டு போயிட்டா மிச்சமும் போயிடுமா?"

"இல்லம்மா. மிச்சத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும்."

பரீட்சைக்கு வரும், எழுதிக்கோங்க என்றும் சொன்னேன். அழுகை வரவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

எஸ்லின் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அண்ணனுக்கு பைக் வாங்கிக் கொடுத்தது அப்பாதானே, அதனாலதான் வீட்டுக்கு வர மாட்டேங்கிறாரா?" என்று நேற்று கேட்டாள். கம்பெனியில் ஓவர்டைம் என்றேன். அவள் நம்பவில்லை.

நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ஜூஜுவாடியில் நீங்கள் தங்கியிருக்கிற ரூமுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். துணியெல்லாம் எடுத்து வைத்திருங்கள். மூன்று பேருமாகத் திரும்பி வருவோம்.

உங்கள் மனைவி