கடலோரக் கடையில் ஒரு மீன் முள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மூட்டுவலி தேவலையா? நான் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் காரியத்துக்கு லீவு கிடைக்காததிலிருந்து, சாவி கொடுத்த பொம்மைபோல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, அறையில் கூட இருக்கும் வெல்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்னை ஊர் சுற்ற இழுத்துப்போனார். நல்ல வெயில். கலங்கரை விளக்கத்தில் ஏறினோம், படகுத்துறையைப் பார்த்தோம். எல்லாம் அழகுதான். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு கடலோரக் கடையில் சோறும் சுட்ட மீனும் சாப்பிட்டோம். ஒரு முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பயப்படாதே, சின்ன முள்தான். அண்ணன் சோற்றை உருண்டை பிடித்து, "மெல்லாம முழுங்குப்பா" என்றார். முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"முள்ளு போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே."

"அப்புறம் ஏம்ப்பா அழற?"

அப்பா போன சேதி கேட்ட அன்றுகூட வராத அழுகை அம்மா, அது. கடைக்காரர் தன் மீன்மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்து, கேட்காமலே இன்னொரு தட்டு சோறு வைத்தார். அதையும் சாப்பிட்டேன். மறுநாள் பழையபடி வேலைக்குப் போய்விட்டேன்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. அப்பாவின் கைலிகளை யாருக்கும் கொடுத்துவிடாதே, நான் கட்டிக்கொள்வேன். அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டியா"வோடு நிறுத்திவிடாதே. கடைசி நேரத்தில் அப்பா என்னைக் கேட்டாரா என்று சொல்லிவிடு. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உன் மகன்