பாலத்தில் நின்றுவிட்ட அப்பா

ப்ரே, தாய்லாந்து,
ஞாயிறு காலை

அன்பு மகன் ஏட்ரியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் பியோனாவும் சின்னவளும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பெல்லாம். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இங்கேயும் காலையில் மூடுபனிதான், பக்கத்து வீட்டு புவாலாய் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறாள், நான் அரைக்கைச் சட்டையோடு திரிவதைப் பார்த்து "அக்காவுக்குத் தோலா, தகரமா" என்று கேட்கிறாள். முழங்கால் வலி பரவாயில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு ஷெஃபீல்டுக்கே வந்துவிடு என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய், நான் சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்போடுவதாக பியோனாவுக்கு வருத்தம் போலிருக்கிறது. சாக்கு இல்லையப்பா. உன் அப்பா வீடு வந்து சேராமல் இருந்தார், அதனால்தான் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று டாக்டருக்குப் போன் போடாமல் பொறுமையாக மேலே படி.

நீ வந்து இறங்கியபோது அப்பா நம் கூடத்தில் பெட்டிக்குள் பூவும் விளக்குமாக இருந்தார், அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரை புவாலாயின் வீட்டுக்காரர் இந்தாவின் வண்டியில்தான் கொண்டுவந்தோம். என் முழங்காலுக்காக என்னை முன்னால் உட்கார வைத்துவிட்டு, புவாலாய் பின்னால் ஊதுபத்தியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெளியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவரும்போது இங்கே வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே வர வேண்டும், சொல்லாவிட்டால் உடல் வந்துவிடும், உயிர் பாதி வழியில் நின்றுவிடும். "டெரிக் அண்ணே, வண்டி கெளம்புது, ஏறிக்கோங்க" என்றாள், "எடதுபக்கம் திரும்புறோம்ணே" என்றாள், ஆறு வந்ததும் "பாலம் வருதுண்ணே, தண்ணியப் பாத்து நின்னுடாதீங்க, கூடவே வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தி ஒரு காசை ஆற்றில் போட்டாள். சொந்தத் தங்கைகூட இப்படிச் செய்யமாட்டாள் என்று நான் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன். அத்தனையையும் அவள் தாய்லாந்து மொழியில், இந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. உன் அப்பா இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டி, பீர் கேட்க ஒரு வார்த்தை, மிளகாய் வேண்டாம் என்று சொல்ல ஒன்று, நன்றிக்கு ஒன்று, அதோடு நிறுத்திக்கொண்டவர். மற்றதற்கெல்லாம் என் பக்கம் சாய்ந்து "அவங்க என்ன சொல்றாங்க, மோரீன்" என்று கேட்பார். இந்தா சொல்லும் கிண்டலுக்குக்கூட நான் சொன்ன பிறகுதான் சிரிப்பார், அவர் தாமதமாகச் சிரிப்பதைப் பார்த்து இந்தா இன்னொரு தடவை சிரிப்பான்.

எரித்து முடிந்து நீயும் ஊருக்குப் போன பிறகு அவர் வீட்டில் எங்கேயாவது இருப்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் எதிர்பார்த்தேன். நாற்காலி, ரேடியோ, சவரக் கத்தி எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன, அவர் மட்டும் இல்லை. ஆள் குடியேறாத வீடு போல இருந்தது. அப்போதுதான் பாலத்தடியில் வாழைப்பழம் பொரித்து விற்கும் அம்மாள், அப்பா தினமும் வாங்கித் தின்பாரே அவள்தான், புவாலாயிடம் வந்து சொல்லியிருக்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்தில் உயரமாக ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பிப் பக்கம் நிற்கிறாராம், போகிற வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாராம், வழி கேட்க நினைத்துக் கூச்சப்படுகிறவர் மாதிரி. எனக்குக் கோபம்தான் வந்தது, அடுப்புப் புகையில் அவளுக்குக் கண் மங்கியிருக்கும் என்றேன். ஆனால் புவாலாய் என் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, நான் பாட்டுக்கு எங்க பாஷையில கத்திக்கிட்டு வந்தேனே, அவருக்கு என்ன புரிஞ்சிருக்கும், பாலத்துலயே எறங்கி நிக்கிறாரு பாருங்க" என்று அழுதாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கனவில் அப்பா வந்தார், அதே தொப்பி, கேட்டது ஒன்றே ஒன்றுதான், "அவங்க என்ன சொல்றாங்க, மோரீன்." அதற்கப்புறம் எனக்குத் தேநீர்கூட இறங்கவில்லை. பயந்துவிட்டாயா என்று கேட்காதே. சொந்த ஊரில் கார் நிறுத்திய இடம் தெரியாமல் அலைந்த மனுஷன், ஒரு வார்த்தை புரியாத ஊரில் பாலத்தில் தனியாக நிற்கிறார் என்பதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் சாயங்காலம் போனோம். நான் ஒற்றை ஊதுபத்தி பிடித்துக்கொண்டேன், புவாலாய் தட்டில் இந்த ஊர்ப் பசையரிசிச் சோறும் பொரித்த வாழைப்பழமும் வைத்து எடுத்துவந்தாள். நம் ஆட்கள் கூரை பற்றி எரிந்தாலும் குரலை உயர்த்த யோசிப்பவர்கள், உனக்குத் தெரியாததா. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பள்ளிப் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள், எனக்கு வாய் வரவில்லை. புவாலாய் முழங்கையால் இடித்து "சொல்லுங்கக்கா, நீங்க வெக்கப்பட்டா அவரு இங்கயேதான் கெடப்பாரு" என்றாள். "டெரிக், நான்தான், வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன், நம் மொழியில், இங்கிலீஷில். சொன்னதும் குரல் உடைந்துவிட்டது, பிறகு பேச்சு நிற்கவே இல்லை. இது பாலம், தாண்டுகிறோம் என்றேன், பெட்ரோல் பங்க்கில் வலப்பக்கம், நூடுல்ஸ் கடை, மழையில் நீங்கள் விழுந்த சாக்கடை, பார்த்து வாருங்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே நடந்தேன். பைக்குகள் ஓரங்கட்டி நின்றன, வாழைப்பழ அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கைகூப்பினாள், ஒருவரும் சிரிக்கவில்லை. நம் வாசலில் தூண்மேல் இருக்கும் காவல்தெய்வத்தின் சின்ன வீட்டிடம் "இந்த வீட்டு ஆளுதான் சாமி, வெளியாளு இல்ல, உள்ள விடுங்க" என்று புவாலாய் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து "வந்துட்டாராக்கா" என்றாள். தெரியவில்லையே என்றேன்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் இந்தாவின் வாயுப்பிடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என் இடது தோள் பக்கம் ஒரு சாய்வு, அப்பா காது கொடுக்கும் சாய்வு. என்னையறியாமல் திரும்பி அவள் சொன்னதை நம் மொழியில் சொல்லிவிட்டேன். புவாலாய் பேச்சை நிறுத்தி என் தோளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்துகிறாள், நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள்.

ஆகையால் நான் வரமாட்டேன் ராசா. கோபித்துக்கொள்ளாதே. கோடையில் நீங்கள் எல்லோரும் இங்கே வாருங்கள். எனக்கு இங்கே ஏதாவது ஆனால் புவாலாய் கூப்பிடுவாள், அவள் பேச்சு எனக்குப் புரியும், நான் பாலத்தில் நிற்கமாட்டேன். பியோனாவுக்கு மார்ச்சளி விட்டுப்போகும்வரை ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல். கடவுள் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். பதில் எழுதும்போது அப்பாவுக்கும் மறக்காமல் நாலு வரி எழுது, சத்தமாகத்தான் படிக்கப்போகிறேன். அதை மட்டும் நான் அவருக்கு மொழி மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா மோரீன்